பின் போர்ஷனில் கடல்

ஜனவரி 8

அன்புள்ள குருவிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் என் இரத்த அழுத்தமும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறோம். உன் தொண்டை வலி எப்படி இருக்கிறது? வகுப்பில் கத்துவதைக் குறைத்தால் அது தானாகப் போய்விடும்.

பின் போர்ஷன் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. இந்தத் தடவை தரகர் வேண்டாம் என்று நானே போனில் படம் எடுத்து, வாடகை வீடுகள் விளம்பரம் வரும் பக்கத்தில் போட்டுவிட்டேன். முதலில் எடுத்த படங்களைப் பார்த்து எனக்கே என் வீடு அடையாளம் தெரியவில்லை. கிணற்றுக்குள் இறங்கி எடுத்தது போல அத்தனை இருட்டு. பிறகுதான் போனிலேயே மந்திரக்கோல் படம் போட்ட ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. ஒரே அழுத்து. அறையில் பொழுது விடிந்துவிட்டது! பக்கத்திலேயே அழிரப்பர் படம் போட்ட இன்னொரு பொத்தான். மின்சார மீட்டர் பெட்டியை விரலால் நாலு தேய் தேய்த்தேன். பெட்டி மாயம். இதையெல்லாம் உங்கள் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லையா?

படங்களை இணைத்திருக்கிறேன். பாராட்டி எழுது. போனில் கூப்பிடாதே. போனில் பேசினால் நாம் உடனே சண்டை போடுகிறோம். எழுதினால் யோசித்துச் சண்டை போடுகிறோம். அதுதான் நல்லது.

உன் நலம் விரும்பும்,
அண்ணன்

ஜனவரி 12

அண்ணாவுக்கு,

வணக்கம். தொண்டை சரியாகிவிட்டது. உங்கள் இரத்த அழுத்தம் மாத்திரை சாப்பிடுவதால் சமாதானமாக இருக்கிறதா, அளந்து பார்க்காததால் இருக்கிறதா என்று எழுதவும்.

படங்களைப் பார்த்தேன். பின்சுவரில் படிந்திருக்கும் பாசி புல்வெளி ஆகியிருக்கிறது. ஜன்னலை ஒட்டினாற்போல் நிற்கும் பக்கத்து வீட்டு நீலச் சுவர் கடல் ஆகியிருக்கிறது. அலையே அடிக்கிறது. மீட்டர் பெட்டி போய்விட்டது, ஆனால் அதற்கு வரும் வயர் அந்தரத்தில் நின்று யாரையோ தேடிக்கொண்டிருக்கிறது. எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர் நீங்கள். தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர். இப்போது நீங்களே ஒட்டுகிறீர்கள்.

நம் பேச்சை நினைவுபடுத்துகிறேன். அண்ணி போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் தனியாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும். என் கோடை விடுமுறை தொடங்குவதற்குள் பின் போர்ஷனுக்கு ஆள் வராவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் உண்டு. அக்கம்பக்கத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு அது வசதி. உங்களுக்கு எப்படியோ தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கை

ஜனவரி 25

அன்புள்ள குருவிக்கு,

அளந்து பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான். அதற்குக் காரணம் உன் கடிதம்.

பாராட்டத்தான் உனக்கு மனசு வரவில்லை. நடந்ததையாவது கேள். விளம்பரத்தைப் பார்த்துக் கூட்டம் வருகிறது! முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

"சார், கடல் எங்க?"

"எந்தக் கடல்மா?"

"படத்துல இருந்துதே."

"அது பக்கத்து வீட்டுச் சுவரும்மா."

கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன், இந்த ஊர்ல ஏது கடல்னு."

"நீங்க எப்போ சொன்னீங்க? நீச்சல் டிரஸ் வாங்கணும்னு நீங்கதானே குதிச்சீங்க!"

அவர்கள் வாசல் தாண்டிப் போன பிறகும் சத்தம் கேட்டது.

அடுத்து வந்தவர் யோகா மாஸ்டர். ஹாலில் பாயை விரித்துப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டினார். கைகள் சமையலறைக்குள் போய்விட்டன. படுத்தபடியே கேட்டார், "ஹால் எங்க சார் ஆரம்பிக்குது?" நான் சொன்னேன், "நீங்க படுத்திருக்கிறதுதான் மாஸ்டர் ஹாலு."

அப்புறம் ஒருவர் புல்வெளிக்காக நாயோடு வந்தார். பாசியில் வழுக்கி இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதை எழுத முடியாது.

சரி, ஒருவரும் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உன் வீட்டுக்கு வருவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போன தடவை லிஃப்டில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் நேராகக் கீழே போய், "அந்த ஆள் யாரு, ஏன் சிரிக்கிறாரு" என்று வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். அங்கே நான் எப்படி இருப்பேன், சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜனவரி 29

அண்ணாவுக்கு,

வணக்கம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் உப்பைக் குறைக்கவும்.

லிஃப்டில் சிரித்ததைப் பற்றி எனக்கும் புகார் வந்தது. இருக்கட்டும்.

நான் நுண்ணோக்கியின் கீழ் இலையை வைத்துப் படம் எடுக்கிறவள். எங்கள் துறையில், இல்லாததைப் படத்தில் சேர்த்தால் வேலை போய்விடும். இருப்பது தெரிவதற்காக மட்டும் கை வைக்கலாம். அவ்வளவுதான் விஷயம். மந்திரக்கோலுக்கு உங்கள் அறையைத் தெரியாது. அது ஆயிரம் பேருடைய அறைகளைப் பார்த்துவிட்டு, உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறது. அதனால் நீங்களே திருத்தப் பழகுங்கள். கஷ்டமில்லை.

முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் மட்டும் கை வையுங்கள். மூலப் படத்தைத் தொட வேண்டாம். கதவு நிலையைப் பார்த்துப் படத்தை நேராக நிமிர்த்துங்கள். உங்கள் கதவு நிலை சாய்ந்தது இல்லை, நீங்கள்தான் போனைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். வேண்டாத ஓரத்தை வெட்டுங்கள். பிறகு வெளிச்சம். 'நிழல்' என்று ஒரு கோடு இருக்கும், அதில் ஒரு புள்ளி. அதை வலப்பக்கம் மெல்ல நகர்த்தினால் இருட்டு மூலையில் இருப்பவை தெரிய வரும். மெல்ல. கண் படத்தில் இருக்க வேண்டும், விரலில் அல்ல.

கடைசியாக நிறம். மருந்துச் சொட்டி போல ஒரு குறி இருக்கிறது. அதை எடுத்து, படத்தில் உண்மையிலேயே வெள்ளையான ஒரு பொருளைத் தொட்டால், மற்ற நிறங்கள் தாமே ஒழுங்காகிவிடும். உங்கள் சுவரில் வெள்ளை என்று எதுவும் இல்லை. ஆகவே துவைத்த பனியன் ஒன்றை ஆணியில் மாட்டிப் படம் எடுக்கவும். கடைகளுக்கு முத்திரை குத்திய எடைக்கல்லைக் கொண்டுபோவீர்களே, அது மாதிரி இந்தப் பனியன்.

தங்கை

பிப்ரவரி 6

அன்புள்ள குருவிக்கு,

உப்பு குறைத்தாகிவிட்டது. சாப்பாடு உன் கடிதம் மாதிரி இருக்கிறது.

எடைக்கல் உவமை புரிந்தது. உனக்குள்ளும் நம் குடும்பத்து மூளை கொஞ்சம் இருக்கிறது. புதுப் பனியனை மாட்டினேன், எடுத்தேன், நேராக்கினேன், வெட்டினேன். வெட்டும்போது கை தவறி அறையில் பாதி போய்விட்டது. மீதியில் நிழல் கோட்டை இழுத்தேன். சுவரெல்லாம் சாம்பல் பூத்தது. எதிர்ப்பக்கம் இழுத்தேன். கருகிய ரொட்டி. சொட்டியால் பனியனைத் தொடப் போய், தவறிக் கதவைத் தொட்டுவிட்டேன். வீடே ஊதாவாகிவிட்டது. அதைச் சரிசெய்து, களைத்து, அப்படியே விளம்பரத்தில் போட்டுவிட்டேன். பனியனை எடுத்துவிட்டு ஒரு படம் எடுக்க மறந்துபோனது.

மறுநாள் ஒருவர் போன் செய்தார். "சார், அந்தப் பனியன் என்ன சைஸ்?"

"அது வாடகைக்கு இல்லைங்க."

"தெரியும் சார். எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன். இவ்வளவு வெள்ளையா எனக்குக் கிடைக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மந்திரக்கோலுக்கே திரும்பிவிட்டேன்.

ஆனால் ஒரு புது யோசனை. மேலேயிருந்து எடுத்தால் அறை பெரிதாகத் தெரியுமாம், போனே சொல்கிறது. நாளைக்கு ஸ்டூலில் ஏறி எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு போ.

அண்ணன்

பிப்ரவரி 7

அண்ணாவுக்கு,

காதை மூடிக்கொண்டேன். ஸ்டூலில் ஏற வேண்டாம். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மற்றவை பிறகு.

தங்கை

மார்ச் 1

அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? பதில் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். எடுத்து, "அடுப்பில் பால் இருக்கு" என்று வைத்துவிட்டீர்கள். இரண்டு தடவையும் பால்.

ஸ்டூலைப் பற்றி எழுதியிருந்தேன். கிடைத்ததா?

தங்கை

மார்ச் 9

அன்புள்ள குருவிக்கு,

நான் நலம். நலம் என்றால் நலம்தான். இங்கே நெட் சரியில்லை, அப்புறம் மழை, அப்புறம் எனக்கே எழுதச் சோம்பல். ஸ்டூலைப் பற்றி நீ எழுதியது கிடைத்தது. நல்ல யோசனை. மிக நல்ல யோசனை.

வீடு பார்க்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாவியைக் கொடுத்து, "போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறேன். வீட்டைத் தனியாகச் சுற்றிப் பார்ப்பதுதான் வருகிறவர்களுக்குப் பிடிக்கும். சிலர் காபிகூட அவர்களே போட்டு எனக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நேற்று வந்தவர் பாத்திரம் கழுவிவிட்டுப் போனார். நல்ல மனிதர். கடல் இல்லை என்று வருத்தப்பட்டார்.

படுக்கையறையைப் புதிதாக எடுத்து மந்திரக்கோல் போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை உயரத்திலிருந்து எடுக்கவில்லை, பார். நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தால் ஒரு நிதானம் வருகிறது. உன்னைப் போல நிதானமாக.

பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது பிள்ளைகள் மேல் கொஞ்சம் இரக்கம் வை.

அண்ணன்

மார்ச் 13

அண்ணாவுக்கு,

இரக்கம் வைத்திருக்கிறேன். பத்துக்கு ஒன்றரை.

படத்தைப் பார்த்தேன். அறை பளபளக்கிறது. ஆனால் அலமாரிக் கண்ணாடிக்குள் தெரியும் தரை நெளிகிறது. அதே கண்ணாடியில் தெரியும் நாற்காலிக்கு முதுகு இருக்கிறது, உட்காரும் பலகை இல்லை. அந்த இடத்தில் அழிரப்பரைத் தேய்த்திருக்கிறீர்கள். எதை அழித்தீர்கள்?

மூலப் படத்தை அனுப்புங்கள். நகலையல்ல, நீங்கள் தொடாததை. இந்தத் தடவை திருத்துவது நான்.

தங்கை

மார்ச் 28

அன்புள்ள குருவிக்கு,

நலம். நீ திரும்பத் திரும்ப நலமா என்று கேட்காதபடி மூன்று தடவை எழுதிவிடுகிறேன். நலம். நலம்.

கண்ணாடியில் ஓர் அழுக்குத் துணி தெரிந்தது, அழித்தேன். அவ்வளவுதான். இதோ மூலப் படம். அமாவாசை மாதிரி இருக்கிறது, ஒன்றும் தெரியாது. பனியன் மட்டும் தெரியும். உன் பாடத்துக்காக மாட்டியது, எடுக்கவேயில்லை. முடிந்தால் இதைத் தேற்றிக் காட்டு. உன்னால் முடியாது. பந்தயம்.

உன் விடுமுறை எப்போது ஆரம்பிக்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

வணக்கம். விடுமுறை மே மாதம் தொடங்குகிறது.

படத்தை முடித்துவிட்டேன். கதவு நிலையைப் பார்த்து நேராக்கினேன். சொட்டியால் பனியனைத் தொட்டேன். சுவர் தன் சொந்த நிறத்துக்கு வந்தது, அதாவது பழைய எலுமிச்சை. பிறகு நிழலை ஏற்றினேன். கொஞ்சம் ஏற்றியதும் அலமாரி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் கண்ணாடிக்குள் நாற்காலி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கண்ணாடியைத் தவிர மற்ற இடங்களில் நிழலை மறுபடி இறக்கிவிட்டேன். அறை இருட்டு. இருட்டாகத்தான் தெரிய வேண்டும்.

கண்ணாடியையும் வெட்டவில்லை. பனியனையும் வெட்டவில்லை.

உங்கள் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். புதியதை நானே போட்டுவிட்டேன். எழுதியது இது: "ஒரு படுக்கையறைப் பின் போர்ஷன். சிறியது. பகலிலும் இருட்டு. ஜன்னலுக்கு வெளியே சுவர். பின்னால் பாசி வழுக்கும். வீட்டுக்காரர் முன் போர்ஷனில் தனியாக இருக்கிறார், நிறையப் பேசுவார். படத்தில் தெரிவதெல்லாம் உண்மை."

காலை நீட்டி உயரமாக வைத்து உட்காரவும். பொதுவாகச் சொல்கிறேன், இந்த வயதில் எல்லோருக்கும் நல்லது.

தங்கை

ஏப்ரல் 15

அன்புள்ள குருவிக்கு,

உன் விளம்பரத்தைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். இதைப் பார்த்து யார் வருவார்? தெருவில் போகிற நாய்கூடத் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தேன். பத்து நாள் போல ஒருவரும் வரவில்லை. நான் பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் ஒரு அம்மா வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி நர்ஸாம், வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

"ஐயா, ரூம் படத்துல இருக்கிற மாதிரி இருட்டாவே இருக்குமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். "அதுக்கு மேலயே இருட்டா இருக்கும்மா."

"மத்தியானம்?"

"மத்தியானம் லைட் போட்டாத்தான் சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியும்."

"அப்பாடா!" என்று அப்படியே திண்டாட்டமெல்லாம் தீர்ந்தவர் போல உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாகப் பகலில் தூங்க இடமில்லாமல், ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்துவிட்டதாம். பார்க்கிற வீடெல்லாம் காற்றோட்டம், வெளிச்சம் என்றே விளம்பரமாம். "ஒருத்தராவது இருட்டுன்னு உண்மையைப் போட்டாங்களே. அதுவும் பனியனோட. ஏமாத்துறவங்க முதல்ல பனியனைத்தான் எடுத்து ஒளிச்சு வைப்பாங்க."

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க, எழுந்து நில்லுங்க பார்ப்போம். கால்ல கட்டு இருக்கிற பக்கமே கம்பையும் பிடிக்கிறீங்களே, யார் சொல்லிக் கொடுத்தது? படத்துலயே பார்த்தேன். அதைப் பார்த்ததுல இருந்து எனக்குக் கை பரபரன்னு இருந்துது. மாத்திப் பிடிங்க!"

மாற்றிப் பிடித்தேன். நடக்க வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. படத்திலேயே பார்த்தேன் என்கிறாரே! போனை எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். கணுக்கால் கட்டு, கைத்தடி, முகத்தில் அந்தத் திருட்டு முழி, எல்லாம் பளிச்சென்று. அழிரப்பரால் நான் அழித்தது என்னைத்தான் என்பது உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ரயிலில் வந்து என்னைக் கட்டி இழுத்துக்கொண்டும் போகவில்லை.

அந்த அம்மா ஒன்றாம் தேதி குடிவருகிறார். பகலில் தூங்குவார், அதனால் நான் சத்தம் போடக் கூடாதாம். சாயங்காலம் வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் பேசலாமாம். என் இரத்த அழுத்தத்தை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். உனக்குச் சரியான ஜோடி.

வாசலில் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவர்தான் எடுத்தார். மந்திரக்கோல் போடவில்லை. உனக்கு அனுப்புகிறேன். நீ வேண்டுமானால் திருத்து.

அண்ணன்

ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் படத்தில் பார்த்துக்கொண்டேன். ஆகவே கேட்கவில்லை.

படம் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. நேராக்கலாம் என்று திறந்தேன். கதவு நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது நூல் பிடித்தது போல நேராக நிற்கிறது. வாசற்படியும் நேர். நீங்கள்தான் கம்பின் பக்கம் சாய்ந்து நிற்கிறீர்கள். கம்பு கை மாறியிருக்கிறது. திருத்த ஒன்றும் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டேன்.

மே மாதம் வருகிறேன். உங்களை அழைத்துப் போக அல்ல, பெட்டியை எடுத்த இடத்தில் வைக்கவும். நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்புவேன்.

திரும்பும்போது அந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு போவேன்.

தங்கை